புரட்டாசியில் தொடங்கும் வைத்தியம்

தீபாவளிக்கு மறுநாள் கிளினிக்குக்கு வரும் நாய்களைப் பார்த்துப் பார்த்துத்தான் புரட்டாசியிலேயே வேலையைத் தொடங்கப் பழகினேன். மாதம் பிறந்ததும் நோட்டைப் புரட்டுவேன். போன வருடம் எந்த வீட்டு நாய் வெடிச்சத்தத்துக்கு நடுங்கியது, எது சாப்பாட்டைத் தொடவில்லை, எது கேட்டைத் தாண்டி ஓடியது என்று அதில் குறித்து வைத்திருப்பேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவேன். "தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கே டாக்டரம்மா, அப்பப் பாத்துக்கிருவோம்" என்பார்கள். மதுரைக்காரர்களின் இந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு இடம் கொடுக்க மாட்டேன். தீபாவளி ராத்திரி எட்டு மணிக்கு நாயைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏதாவது ஊசி போட்டுத் தூங்க வச்சிருங்க" என்று கேட்டால் என்னால் செய்ய முடிவது கொஞ்சம். புரட்டாசியில் வந்தால் செய்ய முடிவது நிறைய.

நம் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் எட்டும். நாய்க்கு 45,000 வரை, பூனைக்கு 64,000 வரை கேட்கும். தெருமுனையில் உங்கள் வண்டி திரும்பும்போதே வாலாட்டத் தொடங்குகிறதே, அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் அணுகுண்டு வெடிக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசின் விதி 1999-லிருந்து இருக்கிறது. அந்த 125 என்பதே மனிதக் காதை வலிக்க வைக்கும் அளவு. இருந்தாலும், சத்தத்தின் அளவு பாதிக் காரணம்தான். திரியைக் கொளுத்துகிறவனுக்கு எப்போது வெடிக்கும் என்று தெரியும், காதைப் பொத்திக்கொள்கிறான். நாய்க்கு ஒன்றும் தெரியாது. எங்கிருந்து வருகிறது, அடுத்தது எப்போது, எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம், எதுவுமே பிடிபடாது. அதன் அறிவுக்கு அது உயிருக்கு வந்த ஆபத்து.

அப்படிப் பயந்து வந்த நாயை மேஜையில் ஏற்றிப் பார்த்தால் முதலில் கண் தெரியும். கண்பாவை விரிந்து கண் முழுக்கக் கறுத்திருக்கும். எச்சில் ஒழுகி நெஞ்சு முடி நனைந்திருக்கும். மழைக்கால இரவில்கூட நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும். நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும் என்பது பலருக்குத் தெரியாது. மேஜையின் எவர்சில்வர் தகட்டில் நான்கு ஈரத் தடங்கள் பதிந்திருக்கும். முன்னங்காலைத் தூக்கி நகங்களைப் பார்ப்பேன். கதவைப் பிறாண்டி நுனியெல்லாம் தேய்ந்து, ஓரிரண்டு அடியோடு பிளந்து ரத்தம் கட்டியிருக்கும். உதட்டோரத்தில் கிரில் கம்பியைக் கடித்த காயம் இருக்கும். இந்த நிலைக்கு வந்த நாய்க்கு அன்றைக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. காயத்துக்குக் கட்டுப் போட்டு, பயத்தைத் தணிக்க மருந்து கொடுத்து, இருட்டான அறையில் வைத்துக் காப்பாற்றத்தான் முடியும்.

இதற்கெல்லாம் முந்தைய அறிகுறிகளைத்தான் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, காதைப் பின்னுக்கு மடித்துக்கொள்வது, ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கி நிற்பது, ஆசையாகத் தின்னும் பிஸ்கட்டை வாயில் வாங்கிக் கீழே போடுவது. எங்கோ இரண்டு தெரு தள்ளி ஒரு பிஜிலி வெடித்தபோது இதில் ஒன்றைச் செய்தாலும் உங்கள் நாய்க்குப் பயம் தொடங்கிவிட்டது. "சமத்தா ஒரு மூலையில படுத்திருக்கு டாக்டர், பயமெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லப்பட்ட நாய்கள் பலவற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உடம்பு இறுகி, விறைத்துக் கிடக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் வேரோடிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. "நாயின்னா வெடிக்குப் பயப்படலாமா? நாலு வெடிய முன்னாடி போட்டா சரியாப் போயிரும்" என்பார்கள். ஒரு பெரியவர் தன் கோம்பை நாயைச் செயினில் பிடித்துக்கொண்டு, பேரன்கள் வெடி போடும் இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். அவர் நாயின் மேல் உயிரையே வைத்திருப்பவர். அதன் நல்லதுக்கு என்று நம்பித்தான் செய்தார். அடுத்த ஐப்பசியில் அந்த நாய் இடி இடித்தாலே ஒளிந்தது. பிறகு குக்கர் விசிலுக்கு, பிறகு தீக்குச்சி உரசும் சத்தத்துக்கு. தப்பிக்க வழியில்லாமல் நிறுத்தப்பட்ட உயிருக்குப் பயம் பழகிப்போகாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். அதட்டினாலும் அடித்தாலும் அப்படித்தான். சத்தத்தோடு எஜமானரும் பயப்பட வேண்டியவராகிவிடுவார்.

இதற்கு நேர்மாறாக, "எங்க ராஜபாளையம் அணுகுண்டுக்கே அசையாது" என்று பெருமைப்படுகிறவர்களும் வருவார்கள். அப்படிச் சொன்னால் நாயின் காதைச் சோதிக்காமல் அனுப்ப மாட்டேன். வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்குமான ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. நிறத்தைக் கொடுக்கும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். நாய் வேறு பக்கம் பார்க்கும்போது, காற்று அதன்மேல் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்ப்பேன். காது திரும்பாவிட்டால் வீட்டாரிடம் சொல்லிவிடுவேன்: இது தைரியம் இல்லை, இதற்குக் காது கேட்காது, தெருவில் வண்டி வந்தாலும் தெரியாது, செயின் இல்லாமல் வெளியே விடாதீர்கள். இந்த நாயின் சொந்த ஊரான ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்க்குப் பெயர் கொடுத்த சிப்பிப்பாறை, பட்டாசுக்குப் பேர்போன சிவகாசி, மூன்றும் ஒரே விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. பட்டாசை நம்பி வாழும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்கள் வீட்டு நாய்களுக்கும் நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். பட்டாசே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எப்போது, எங்கே, எவ்வளவு என்பதில்தான் என் வழக்கு.

வடநாட்டில் தீபாவளிச் சத்தம் பெரும்பாலும் இரவில். நமக்கு விடிகாலை நான்கு மணிக்கே எண்ணெய்க் குளியலோடு முதல் சரம் வெடித்துவிடும். நாய் வளர்ப்பவர்களில் பலர் காலை ஐந்து, ஐந்தரைக்கு நாயை வெளியே கூட்டிப்போகிறவர்கள். பழக்கத்தில் அன்றைக்கும் கூட்டிப்போவார்கள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு லட்சுமி வெடி வெடித்ததும், நாய் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடிவிடும். தீபாவளிக் காலையில் எனக்கு வரும் போன்களில் பெரும்பகுதி இதுதான். அதனால் முந்தின நாள் பிற்பகலிலேயே நன்றாக நடக்க வைத்து, ஓடவிட்டுக் களைப்பாக்கிக் கொண்டுவந்துவிடுங்கள். தீபாவளியன்று நடுப்பகலில் ஊர் அடங்கும். கறிச்சோறு தின்றுவிட்டு எல்லோரும் டிவி முன்னால் படம் பார்க்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் நாயை வெளிக்குப் போக்கிவரச் சரியான நேரம். அப்போதும் கழுத்துப் பெல்ட்டோடு நெஞ்சைச் சுற்றிய ஹார்னஸும் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டிப் பிடியுங்கள். பெல்ட்டில் உங்கள் போன் நம்பரை மார்க்கரால் எழுதினால் போதும். சமீபத்தில் எடுத்த போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும். புதுத்துணி, பலகாரத் தட்டு, விருந்தாளி என்று ஆள் வந்து போய்க்கொண்டிருக்கும் நாளில் கேட் திறந்தே கிடக்கும். கேட்டுக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். மொட்டை மாடிக் கதவைப் பூட்டிவிடுங்கள். மாடியிலிருந்து குதித்து இடுப்பு உடைந்து வந்த நாய்கள் எல்லாமே பயத்தில் குதித்தவை.

ஒளிய இடம் தேடும் நாயை அது தேடிக்கொண்ட இடத்திலேயே விடுங்கள். கட்டிலுக்கடி, பீரோ இடுக்கு, குளியலறை, சாமி ரூம், எதுவானாலும் சரி. அங்கே அம்மாவின் பழைய சேலை ஒன்றை விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்து, ஜன்னலை அடைத்துத் திரை போட்டு, மின்விசிறியையும் டிவியையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அறைக் கதவைத் தாழிட வேண்டாம். அடைத்தால்தான் நகம் பிளக்கும் வரை பிறாண்டும். காதுக்குள் பஞ்சைத் திணிக்காதீர்கள், உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். கூடவே ஆள் இருக்க வேண்டும். தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று யாரோ சொல்லக் கேட்டு நாயைத் தனியே விட்டு ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் ஒரு உணர்ச்சி. அதற்கு ஆறுதல் சொன்னால் அது வளராது. நாய் உங்களிடம் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

இனி புரட்டாசி வேலைக்கு வருகிறேன். செலவு குறைந்த வைத்தியம் இதுதான், பலன் அதிகமானதும் இதுதான்.

எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் தன் வீட்டு நாட்டுநாயைக் கூட்டிவந்தாள். பெயர் மணி. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். இழவு வீட்டு வேட்டுச் சத்தத்துக்கே கழிப்பறைக்குள் போய் நடுங்கும் நாய். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போனில் பட்டாசுச் சத்தத்தைப் பதிவு செய்துகொள். சத்தத்தை ஆகக் குறைவாக, உனக்கே கூர்ந்து கேட்டால்தான் கேட்கும் அளவில் வை. முதலில் சத்தம், உடனே வேகவைத்த கோழித் துண்டு. எப்போதும் இந்த வரிசைதான். துண்டைக் காட்டிவிட்டுச் சத்தம் போட்டால் நாய் துண்டுக்குத்தான் பயப்படும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மணியின் காது பின்னால் போனால் நீ அவசரப்பட்டுவிட்டாய் என்று அர்த்தம், ஒரு படி குறை. துண்டை நிம்மதியாக மென்று விழுங்கிவிட்டு உன் கையைப் பார்த்தால் மறுநாள் ஒரு படி கூட்டு. ஒரே இடத்தில் செய்யாதே. இன்று கூடம், நாளை அடுப்படி, பிறகு வாசல்.

அவள் ஒரு நாளும் விடவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் நான் அவர்கள் தெருவுக்குப் போயிருந்தபோது யாரோ பையன் ஓலை வெடி ஒன்றைப் போட்டான். மணி வெடுக்கென்று நிமிர்ந்தது. ஒரு கணம் வால் தாழ்ந்தது. அடுத்த கணம் தலையைத் திருப்பி அவள் பாவாடைப் பையைப் பார்த்தது. கோழித் துண்டு அங்கேதான் இருக்கும் என்று அதற்குத் தெரியும். தீபாவளியன்று மணி கழிப்பறைக்குப் போகாமல் இல்லை. ஆனால் இடையிடையே வெளியே வந்து சாப்பிட்டது, ஒன்றுக்குப் போனது, ராத்திரி தூங்கியது. இந்த வைத்தியத்தில் வெற்றி என்று நான் சொல்வது அதைத்தான்.

போன் ஸ்பீக்கரில் அணுகுண்டின் அதிர்வு வராது, தரையும் நடுங்காது. அதனால் முன்பயிற்சி முழுப் பாதுகாப்பாகிவிடாது. நிஜ வெடி வெடிக்கும்போதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர், நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கிற நாய் பயப்படாவிட்டாலும் இதைச் செய்யச் சொல்வேன். குட்டியாக இருந்தால் 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரையான பருவம் பொன்னானது. அந்த நாட்களில் மெல்லிய சத்தங்களை நல்ல சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்ட குட்டி பின்னாளில் எளிதில் மிரளாது. தீபாவளி முடிந்ததும் விட்டுவிடவும் கூடாது. கார்த்திகை வரும், புத்தாண்டு வரும், கோயில் திருவிழா அதிர்வேட்டு வரும், தேர்தல் முடிவு வரும்.

மருந்தைப் பற்றி. கடுமையான பயம் உள்ள நாய்க்கு மருந்து தேவை. கொடுக்காமல் விடுவதுதான் கொடுமை. ஆனால் எந்த மருந்து என்பதில் கவனம் வேண்டும். பல காலமாகப் புழங்கிய அசிப்ரோமசின் உடம்பைச் சோரவைக்கும், பயத்தைத் தணிக்காது. நாய் அசையாமல் கிடக்கும், ஆனால் ஒவ்வொரு வெடியையும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கும். வீட்டார் தூங்குகிறது என்று நினைப்பார்கள். அந்த மருந்தைப் பயத்துக்கென்று தனியாக நான் எழுதித் தருவதில்லை. டிராசோடோன், காபாபென்டின், அல்பிரசோலம் போன்றவை பயத்தின் மேலேயே வேலை செய்யும். இதயம், கல்லீரல், வயது, எடை எல்லாம் பார்த்துத்தான் அளவு முடிவாகும். ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்வதால் தீபாவளிக்குச் சில நாள் முன்பே, அமைதியான ஒரு நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். சத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் அது ராத்திரி இரண்டு மணி. எண்ணெய் காய்ச்ச எழுகிறவர் கையில் மாத்திரையைக் கொடுத்து வையுங்கள். தாத்தாவின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பூனைக்குக் காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமால் ஒன்று போதும், உயிர் போய்விடும்.

மறுநாள் காலையில் குப்பையில் கிடக்கும் வெடிக்காத பட்டாசைக் கடித்துத் தின்னும் நாய்கள் உண்டு. வெடிமருந்திலுள்ள பேரியம் உள்ளே போனால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைகள் தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். வாந்தி, ரத்தப் பேதி, தள்ளாட்டம் என்று எது தெரிந்தாலும் பட்டாசு உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். தீக்காயத்துக்கு இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

பூனை பரணில் ஏறிக்கொண்டால் இழுத்து இறக்காதீர்கள், அங்கேயே சாப்பாடு வையுங்கள். கிளி, லவ் பேர்ட்ஸ் கூண்டை உள்ளறைக்கு மாற்றி மூன்று பக்கம் துணி போடுங்கள். பறவைக்குச் சத்தத்தைவிடப் புகை மோசம். முயலுக்கு ஒளிய ஒரு அட்டைப்பெட்டி போதும். மாடு வைத்திருப்பவர்கள் முதல் சரம் வெடிக்கும் முன் கறந்துவிட வேண்டும். மிரண்ட மாடு பாலை இறக்காது, மடியிலேயே நிறுத்திக்கொள்ளும். மூக்கணாங்கயிற்றில் கட்டாமல், அவசரத்தில் அவிழ்க்கச் சுலபமான முடிச்சாகக் கழுத்துக் கயிற்றில் கட்டுங்கள். வைக்கோல் படப்புப் பக்கம் ராக்கெட் விட யாரையும் விடாதீர்கள்.

வீடு இல்லாத நாய்களுக்கு இந்த வைத்தியம் எதுவும் எட்டாது. வாலில் சரம் கட்டிக் கொளுத்தப்பட்ட நாயின் புண்ணை நான் கழுவியிருக்கிறேன். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் இதற்கு முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. இதைப் பிள்ளைகளிடம் வீட்டில் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வந்து தங்கும் பறவைகளுக்காகத் தலைமுறையாகப் பட்டாசு வெடிப்பதில்லை. எல்லா ஊரும் அப்படி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று பிரித்துக் கொடுத்தது. அந்த நேரத்தைத் தெரு முழுக்கக் கடைப்பிடித்தால், எந்த நேரத்தில் மாத்திரை கொடுப்பது, எப்போது நாயைக் கூட்டிப்போவது, எப்போது கன்றை உள்ளே கட்டுவது என்று எல்லோரும் திட்டமிட முடியும். ராத்திரி பத்தரைக்கு மீதமிருக்கும் ஒரே ஒரு பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தும்போதுதான் அன்றைய உழைப்பெல்லாம் வீணாகிறது. தயவுசெய்து அதை மறுநாள் காலைக்குக்கூட வைக்காதீர்கள், வாங்காமலே இருந்துவிடுங்கள். வெடித்து முடித்ததும் வாசலைப் பெருக்கி, வெடிக்காதவற்றைத் தண்ணீர் வாளியில் போடுங்கள். அன்றைக்கு உங்கள் கேட்டுக்குள், மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருநாய் வந்து ஒதுங்கினால் விரட்டாதீர்கள். ஊர் அடங்கியதும் அது தானே போய்விடும்.